ஜன்னல் இல்லாத அறையில் வெயில்

ஆஸ்திரேலியாவில், டவுன்ஸ்வில்லில் ஓர் ஆஸ்பத்திரியில், டாக்டர்கள் எழுதுவதைப் படித்து நோய்களுக்குக் கணினியில் குறியீடு போடுவது என் வேலை. வெயிலில் தோல் வெந்து வருகிறவர்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஆனால் கடற்கரையா, வீட்டு முற்றமா, எங்கே இருந்தபோது வெந்தது என்பதையும் போட்டால்தான் கணினி அடுத்த ஆளுக்குப் போக விடும்.

கிளைவ் டார்கன் விஷயத்தில் அங்கேதான் சிக்கிக்கொண்டேன். கடலில் படகு கவிழ்ந்து, நினைவு திரும்பாமல், ஒரு மாதமாக ஜன்னலே இல்லாத தீவிர சிகிச்சை அறையில் கிடக்கிறார். அவர் தோள் நேற்று வெயிலில் வெந்ததாக டாக்டர் எழுதியிருந்தார். எரிச்சலோடு மாடிக்குப் போனேன்.

"ரேலீன், உங்க டாக்டர் தூக்கத்துல எழுதுறாரா?"

"நீயே தொட்டுப் பாருடி," என்றாள் நர்ஸ் ரேலீன்.

மத்தியான வெயிலில் நிறுத்திய கார் மாதிரி தோள் கொதித்தது. செக்கச் சிவந்திருந்த தோளில் ஒரே ஓர் இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்திருந்தது. ஐந்து விரல்களும் பதிந்த ஒரு குழந்தையின் கை.

"படகுல இவர் மகளும் இருந்தாளே, டெஸ்ஸா. இன்னும் தேடுறாங்களா?"

"போன வாரமே நிறுத்திட்டாங்க."

தேடுதல் குழுவுக்குப் போன் போட்டேன்.

"எதை வெச்சு மறுபடி தேடச் சொல்றீங்க, மேடம்?"

போனை வைத்தேன்.

மறுநாள் காலையில் கைப்பையைக்கூட வைக்காமல் மாடிக்கு ஓடினேன். ரேலீன் போர்வையை விலக்கினாள். மூன்று விரல்கள் பிடித்திருந்த இடமும் புதிதாக வெந்து சிவந்திருந்தது. அந்த வெளுத்த கையில் இப்போது இரண்டு விரல்கள்தான் மிச்சம் இருந்தன.