ஏழு செட்டிங்குகள்

கட்டளையைத் தட்டி எண்டரை அழுத்தினான்.

கறுப்புத் திரையில் ஏழு பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் படிப்பு முடித்த வருடம்.

கீழே ஒரு கேள்வி. யாருடைய செட்டிங்கில் திறக்கட்டும்?

அவன் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. வெறும் எண்டர். எடிட்டர் வெள்ளைத் திரையும் பொடி எழுத்துமாகத் திறந்தது.

முடியப்போகிற வேலைக்கு எதற்கு செட்டிங்.

அவன் திருத்திக்கொண்டிருந்த அறிக்கைக்கென்று துறையில் ஒரே லாகின். யார் உட்கார்ந்தாலும் அதில்தான் நுழைய வேண்டும். அடுத்தவர் வைத்திருக்கும் நிறமும் எழுத்தளவும் ஒத்துவராவிட்டால் தன் பெயரில் ஒன்று உண்டாக்கிக்கொள்ளலாம். யாரோ ஒரு புண்ணியவான் அதற்கெல்லாம் கட்டளைகள் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

போயிருந்தார் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

அறிக்கை இருநூற்றுப் பதினான்கு பக்கம். கல்லூரியின் தரத்தைச் சோதிக்க வரும் குழுவுக்கானது. குழு இதுவரை வந்ததில்லை. தேதி கொடுக்கும். தேதி தள்ளிப்போகும். தள்ளிப்போகிற ஒவ்வொரு முறையும் படிவம் மாறும்.

பாக்கி எதுவும் இல்லை என்று சொல்லும் அவனுடைய நோ டியூஸ் தாள், துறைத் தலைவரான எச்ஓடியின் மேசையில், பேப்பர் வெயிட்டுக்கு அடியில் இருந்தது. நூலகம் கையெழுத்துப் போட்டாயிற்று. விடுதி போட்டாயிற்று. நான்கு வருடத்தில் அவன் ஒரு பந்தைக்கூடத் தொட்டதில்லை. பந்து எதுவும் திரும்ப வர வேண்டியதில்லை என்று விளையாட்டுத் துறையும் எழுதிக் கொடுத்துவிட்டது.

எச்ஓடி மட்டும்தான்.

அது வந்தால் சான்றிதழ்கள் கைக்கு வரும். சனிக்கிழமை திருநெல்வேலியிலிருந்து ரயில். திங்கட்கிழமை பெங்களூரில் வேலை. ஒரு நாள் தாமதித்தாலும் இடம் அடுத்தவருக்கு என்று மெயிலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"சின்ன வேலதான் தம்பி," என்றிருந்தார் எச்ஓடி. "முடிச்சிட்டு வா. போட்டுரலாம்."

அது செவ்வாய்.

இன்று வியாழன்.

நூற்று எழுபதாவது பக்கத்தில் கண் எரிந்தது. சும்மா பார்ப்போம் என்று மற்றவர்களுடையதைத் திறந்தான்.

ஜெரினின் செட்டிங் பத்து நொடிக்கு ஒரு முறை தானாகச் சேமித்துக்கொண்டது. கரண்ட் போகிற ஊர். நியாயம்தான்.

ஷபானாவினுடையதில் 'ம' தட்டி ஸ்பேஸ் கொடுத்தால், 'மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் சொன்ன திருத்தங்களைச் செய்துவிட்டேன்' என்று முழு வரியும் வந்து விழுந்தது.

இசக்கிராஜா கடிகாரத்தை மறைத்திருந்தார். தேதியையும்.

அவன் சிரித்தான். கொஞ்சம்தான்.

எது கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்று பார்க்கவும் ஒரு கட்டளை இருந்தது. தட்டினான்.

ஜெரின், படிப்பு முடித்து இரண்டு வருடம் கழித்து. ஷபானா மூன்று. இசக்கிராஜாவும் மூன்று, தேதியை மறைத்திருந்ததால் அவருக்குத் தெரிந்திருக்காது.

பட்டியலில் முதல் பெயர் பால்துரை. படிப்பு முடித்து ஒன்பது வருடம்.

கடைசியாகத் திறந்தது: இன்று, காலை 9.10.

பின்னால் சாவிக்கொத்து சத்தம் கேட்டது. லேப் அண்ணன். காலையில் லேபைத் திறப்பார், சாயங்காலம் பூட்டுவார். எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிடுவதால் பெயர் கேட்கத் தோன்றியதில்லை.

அவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"முதல்ல இருக்கது என்னுது. கைதவறி அழிச்சிராதடே."

"அண்ணே, நீங்க இங்கயா படிச்சீங்க?"

"இதே டிபார்ட்மென்ட்தான். எனக்கும் எச்ஓடி கையெழுத்து ஒண்ணுதான் நிக்கு. அதுவரைக்கும் சும்மா ஏன் இருக்கன்னு சாவியக் குடுத்தாரு."

அவர் குரலில் வருத்தம் இல்லை. வருத்தம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மத்தவங்க?"

"எல்லாரும் இங்கனதான். லைப்ரரி மேடம் யாருன்னு நெனச்ச? ஷபானாதான். உன் தாள்ல மொதக் கையெழுத்து போட்டதே அதுதான்."

அவன் தன் வெள்ளைத் திரைக்குத் திரும்பினான்.

"கண்ணு செவந்துட்டு பாரு. எழுத்தப் பெருசாக்கிக்கிடேன்."

"வேண்டாம்ணே. இன்னைக்கு முடிஞ்சிரும்."

அண்ணன் மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தார். அதே லாகின். கொஞ்ச நேரம் எதையோ தட்டினார். பிறகு சாவிக்கொத்து வராந்தாவில் தேய்ந்து மறைந்தது.

அவன் வேகமாகத் தட்டினான். நூற்றுத் தொண்ணூறு. இருநூறு. இருநூற்றுப் பத்து.

மூன்று மணிக்கு போனில் எச்ஓடியின் செய்தி வந்தது.

'தம்பி, குழு புது ஃபார்மட் அனுப்பியிருக்கு. மொதல்லேந்து பாத்துரு. அவசரமில்ல.'

கடைசி இரண்டு சொற்களை அவன் மறுபடி படித்தான்.

பிறகு முதல் பக்கத்துக்குப் போனான். பொடி எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கலங்கின. கண்ணைத் தேய்த்தான். இன்னும் கலங்கின.

எழுத்தளவை மட்டும் மாற்றலாம்.

இன்றைக்கு மட்டும்.

புதிது உண்டாக்கும் கட்டளையைத் தட்டினான். பெயர் கேட்டது. தன் பெயரைத் தட்டினான்.

இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. திறக்கட்டுமா?

மூலைக் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தான். திரை அணைந்திருந்தது.

எண்டர்.

கரும்பச்சைப் பின்னணி. எழுத்து சரியான அளவு. வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம்.

வசதியாக இருந்தது.

நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.