தண்ணி எந்தப் பக்கம்?

"அந்த அத்தியாயத்தை எடுத்துடும்மா. இல்லேன்னா புத்தகம் அச்சுக்குப் போகாது" என்றார் துறைத்தலைவர், கண்ணாடியைத் துடைத்தபடி. பிடித்த பிடியை விடாத மனிதர்.

வரலாற்றுப் பேராசிரியை கையெழுத்துப் பிரதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஏரிப் பாசனத்தைப் பற்றி ஊர் ஊராக அலைந்து எழுதிய புத்தகம். அதன் உயிரே அந்த அத்தியாயம்தான். இன்று வீட்டுமனைகளாகிவிட்ட வயல்களுக்கு நடுவே ஒரு வாய்க்கால் ஓடியது, அது பாதி வழியில் கிழக்கே திரும்பியது என்று எழுதியிருந்தாள்.

"எந்த வரைபடத்துலயும் அது இல்லையே?"

"அங்க உழுது பயிர் வச்சவங்க அத்தனை பேரும் அப்படித்தான் சொல்றாங்க சார்."

"சொல்லுவாங்க. நிலம் தெற்கே சரியுது. தண்ணி என்ன, உன் பேச்சைக் கேட்டு கிழக்கே திரும்புமா?"

"ரோடு போட மண்ணைக் கொட்டினதுல வந்த சரிவு சார் அது."

அவர் கேட்பதாக இல்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் மறுபடி வாயைத் திறப்பதற்குள் கைப்பேசி அலறியது.

"சொல்லுங்க... ஏரி நிரம்பி வழியுதா?" நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "பதறாதீங்க. தண்ணி எந்தப் பக்கம் போகுது? தெருவோட தெற்கேயா?"

மறுமுனையில் ஓர் ஆண்குரல் காட்டுக்கத்தலாகக் கத்தியது.

"கிழக்கேவா? நிச்சயமா? பின்வாசல்ல நுழைஞ்சு கூடத்து வழியா வெளியே போகுதா? ஐயோ, அருமை! ஒரு போட்டோ எடுத்து அனுப்பிட்டு மாடிக்குப் போயிடுங்க."

படம் வந்தது. சேற்றுத் தண்ணீர் தெருவை விட்டுவிட்டு, ஒரு வீட்டுக்குள் புகுந்து, கிழக்கே பாய்ந்துகொண்டிருந்தது. துறைத்தலைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"அத்தியாயம் இருக்கட்டும்மா. நாளைக்கே அச்சுக்கு அனுப்பிடலாம்."

அப்பாடா! அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"ஆனா பாவம்மா அந்த மனுஷர். வாய்க்கால் மேலயா வீடு கட்டுவாங்க? யாராவது ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"அங்க நம்ம வீட்டைக் கட்ட வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சார்" என்றாள், குடையை எடுத்துக்கொண்டே. "உங்களை மாதிரியேதான், என் வீட்டுக்காரரும் நம்பலை."