கோரைப்பல் வைத்த முகம்

"அந்தப் பேயை எனக்குக் குடுத்துடுங்க பாய்."

கைக்கடிகாரத்தின் மேல் குனிந்திருந்த மீரா உசேன், கண்ணில் செருகியிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். கடை வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கலாம். வெயிலில் கறுத்த கை, காலில் செருப்பில்லை. உள்ளறைச் சுவரைக் காட்டி நீட்டிய கையை அவள் இன்னும் இறக்கவில்லை.

மீரா உசேனின் பேய்ப் பைத்தியம் கூத்தாநல்லூர்க் கடைத்தெருவுக்கே தெரியும். சுற்றுவட்டாரத்தில் எந்த டாக்கீஸில் பேய்ப் படம் ஓடினாலும், மேனேஜரைப் பிடித்து மிச்சமிருக்கும் போஸ்டரை வாங்கி வந்துவிடுவார். உருவப் படம் இருக்கும் வீட்டுக்கு மலக்குகள் என்னும் வானவர்கள் வரமாட்டார்கள் என்று மனைவி கமருன்னிஸா ஒரே பிடியாக நின்றதால், முப்பத்திரண்டு பேய்களும் கடையின் உள்ளறையில் குடியேறின. கிணற்றிலிருந்து எழும் கை, தலைவிரித்த மோகினி, மண்டையோடு ஏந்திய மந்திரவாதி. பச்சையும் ஊதாவும் எந்த இடத்தில் கலந்தால் பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும் என்று, கடிகாரம் ரிப்பேருக்கு வந்தவர்களுக்கு வகுப்பே எடுப்பார்.

வாசலில் நின்றவள் கேட்டது அவற்றிலேயே அவர் உயிரை வைத்திருந்த படம். ஆறு வருஷத்துக்கு முன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸுக்கு மெட்ராஸிலிருந்து போஸ்டர் வந்து சேரவில்லை. இராஜாங்கம் என்ற பெயிண்டர் அவசர அவசரமாகக் கையாலேயே எட்டு வரைந்து கொடுத்தார். ஒட்டிய ஏழு போஸ்டரையும் பசை ருசிக்கு மாடுகள் தின்று தீர்த்தன. ஒட்டாத ஒன்று மீரா உசேனுக்கு வந்து சேர்ந்தது. கடைவாயில் ரத்தம், கோரைப்பல், எல்லாம் வழக்கமான பேய்தான். கண்கள் மட்டும் வேறு. 'சாப்பிட்டியா' என்று கேட்கப் போவது போன்ற கண்கள். பேய்க்கு இப்படி ஒரு கண்ணை மனுஷன் எங்கே பிடித்தான் என்று அவர் பல நாள் வியந்திருக்கிறார்.

வந்தவள் பெயர் பக்கிரியம்மாள். அந்த டாக்கீஸைப் பிரித்துவிட்டார்களாம். பெயிண்டர் எந்த ஊருக்குப் போனார் என்பதும் தெரியவில்லையாம். அங்கே டிக்கெட் கிழித்தவர் இந்தக் கடையைச் சொல்ல, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

எதற்கு என்று கேட்டார். "வீட்டுல மாட்டத்தாங்க" என்றாள்.

திருஷ்டிக்குக் கேட்கிறாள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். இதைவிடப் பயங்கரமான மூன்றை எடுத்து விரித்து, இவற்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், காசு வேண்டாம் என்றார். அவள் ஒவ்வொன்றையும் மரியாதைக்குப் பார்த்துவிட்டு வேண்டாமென்று தலையசைத்தாள். கையால் வரைந்தது அது ஒன்றுதான் இருக்கிறது, கொடுப்பதற்கில்லை என்று அவரும் சொல்லிவிட்டார்.

அவள் வாதாடவில்லை. "அப்ப எம்மவளைக் கூட்டியாந்து ஒரு தடவை காட்டிட்டுப் போறேன். அதுக்காச்சும் விடுங்க."

"பேயையா? சின்னப் புள்ள பயந்துக்காதா?"

"பயப்படாதுங்க."

மத்தியானம் சாப்பிடும்போது கமருன்னிஸாவிடம் இதைச் சொன்னார். இரண்டு பஸ் ஏறி வந்தவளுக்கு ஒரு காகிதத்தைக் கொடுக்க மனசு வரவில்லையா என்று அவள் கேட்டாள். அது காகிதம் இல்லை என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை பக்கிரியம்மாள் மகளோடு வந்தாள். ஐந்து வயதுக் குழந்தை. படிய வாரிய தலையில் கனகாம்பரம். மடிப்புக் கலையாத புதுப்பாவாடை. சினிமாப் பேயைப் பார்க்க யாராவது பிள்ளையை இப்படிச் சிங்காரித்து அழைத்து வருவார்களா என்று அவருக்கு வேடிக்கையாக இருந்தது. பேர் என்ன என்று கேட்டார்.

"செங்கொடி" என்றது குழந்தை.

அறுப்புக் கூலியை அரைப்படி கூட்டிக் கேட்டுக் கொடி பிடித்த ஊர்களில்தான் பிள்ளைகளுக்கு அப்படிப் பேர் வைத்தார்கள். மிராசுதார் ஆட்கள் களத்தில் புகுந்து வெட்டியது, போலீஸ் வந்து தெருவிலேயே தங்கியது எல்லாம் அவர் கடைப் பேச்சில் கேட்டதுண்டு. மேற்கொண்டு எதுவும் கேட்காமல் உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டார். பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள் என்று குழந்தையிடம் சொல்லிவைத்தார்.

குழந்தை கண்ணை மூடவில்லை. பக்கிரியம்மாள் மற்ற முப்பத்தொரு பேய்களையும் ஏறெடுத்துப் பார்க்காமல் நேரே அந்தப் படத்தின் முன் போய் நின்று, மகளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"பல்லு, ரத்தமெல்லாம் பெயிண்டர் பூசுனது. அதைப் பாக்காத. கண்ணைப் பாரு. மூக்கைப் பாரு, ஒன் மூக்காட்டம் இருக்கா?"

குழந்தை கை நீட்டிப் பேயின் கன்னத்தைத் தொட்டது. காகிதம் கிழிந்துவிடுமோ என்று மீரா உசேன் பதறி ஓரடி முன்னே வந்தார்.

"டாக்கீஸுக்குக் கூரை வேயக் கீத்து கொண்டுபோனவரை நிக்கவச்சு வரைஞ்சது. அடுத்த மாசமே களத்துல வெட்டிப் போட்டுட்டாங்க. நீ அப்ப வயித்துல. போட்டோன்னு ஒண்ணு அவரு எடுத்ததே இல்ல" என்றவள், மகளின் காதருகே குனிந்தாள். "இதாண்டி ஒங்கப்பா."

மீரா உசேன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஆணிகளைப் பிடுங்கத் தொடங்கினார்.