கேட்டுக் கொடுக்கும் பெட்டி

என் கணவர் பரசுராமன் ஒரு பழைய ஜெர்மன் சிம்பொனியின் நாற்பது ஒலிப்பதிவுகளை ஒப்பிட்டு எழுதிப் பெரிய பெயர் வாங்கியவர். ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. அவருக்குப் பதிலாகக் கேட்க ஒரு பெட்டி இருக்கிறது. அது இசையை விழுங்கிவிட்டு அபிப்பிராயத்தைத் துப்பும். இவர் கீழே பெயர் போட்டுக்கொள்வார்.

போன வாரம் எங்கள் மகள் வசுதாவின் குழு அதே சிம்பொனியை வாசித்த பதிவு வந்தது. அதில் செல்லோ என்ற பெரிய வயலினை வாசித்தவள் அவள்தான்.

“அப்பா, கேட்டீங்களா?”

“கேட்டாச்சும்மா. அந்த மெதுவான பகுதியில உயிரே இல்ல. கடைசி இடம்தான்.”

அவள் தன் செல்லோவை எடுத்து வந்தாள். கூடத்தில் உட்கார்ந்து அந்தப் பகுதியையே வாசிக்க ஆரம்பித்தாள். சமையலறையில் எனக்குக் கை ஓடவில்லை.

மகா ரசிகர் எழுந்து வந்தார். பெட்டியை அவள் காலடியில் வைத்தார். பிறகு சத்தம் தாங்காமல் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.