நின்று சமைக்கிற அடுப்பு

தரையோடு கிடந்த மண்ணடுப்பு நல்லரெத்தினம் மேசனின் முதல் அடியிலேயே இரண்டாகப் பிளந்தது. கலியாணமான நாள்முதல் சுல்பிகா குந்தியிருந்து ஊதிய அடுப்பு. அவள் கண் கலங்கவில்லை.

"அடுப்ப இடிக்கிற பொம்புளைய இப்பதான் காணுறன். குடும்பம் நடத்துற எண்ணமில்லையா புள்ள உனக்கு?" வாசலில் நின்று சத்தம் போட்டாள் கணவனுக்கு மூத்த ராத்தா கைருன்னிஸா.

"எண்ணமிருக்கு மதினி. முழங்கால்தான் இல்ல."

முழங்காலையும் வீங்கிய விரல் மொளிகளையும் பார்த்த டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குந்தக்கூடாது, பானையை விரலால் தூக்கக்கூடாது, பாரமான வேலையில் ஒரு பங்கை வேறு ஆளிடம் விடவேண்டும். இல்லாவிட்டால் நடையே நின்றுபோகும்.

சுல்பிகா கேட்டு நடந்தாள். குடத்தைப் பாதி நிரப்பி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். தேங்காய்ப்பாலை விரலால் பிழியாமல் உள்ளங்கையால் அமுக்கினாள். வேலையில் பங்கு விடச்சொன்ன அந்தக் கடைசிச் சொல்லைக் கணவர் அச்சிமுகம்மதுவிடம் சொன்னபோது, அடுப்படியில் குனிந்தால் தன் முதுகு நோகும் என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு மூட்டு வலியைவிட உள்ளே இறங்கிக் கிடந்தது.

"நிண்டு சமைக்கிற அடுப்பாம்! என்ட தம்பிக்கிட்டக் கேட்டியா?"

"இது என்ட உம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு மதினி. அடுப்பு எங்க நிக்கணுமெண்டு நான் ஆர்ட்டக் கேக்கணும்?"

மேசன் செங்கல் அடுக்கத் தொடங்கினார். சுல்பிகா ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை நீட்டி, உயரம் அதுதான் என்றாள்.

கட்டி முடிந்ததும் மேசன் தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, முடிச்ச மேல போட்டிட்டீங்கபோல. அடுப்பு உங்கட நெஞ்சுக்கு வருது."

"முடிச்சு சரி அண்ணே. மண்ணப் பூசுங்க."

"பலகையில ஏறி நிண்டு சமைக்கப்போறா!" கைருன்னிஸா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பொழுதுபட, நாவிதன்வெளி வயலிலிருந்து வந்த அச்சிமுகம்மது, குசினி வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார். அடுப்பைப் பார்த்தார். சுல்பிகாவைப் பார்த்தார்.

"உன்ட உசரத்துக்கு இதில என்னத்தடி சமைப்பாய்?"

சுல்பிகா அகப்பையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி அவர் முன்னால் நீட்டினாள்.

"குனிஞ்சு சமைச்சா முதுகு நோகுமெண்டு சிரிச்சீங்கதானே?" என்றாள். "அதான் நீங்க உடுக்கிற சாரத்தால அளவெடுத்தன்."