இருபத்தொரு காலைகள்

“இதெல்லாம் நீ குளத்தங்கரையில நின்னு எண்ணினதுதானா?”

கேட்டுவிட்டு, பதில் வேண்டாதவர்போலப் பேராசிரியை மேஜைமேல் இருந்த கடிதத்தை மறுபடியும் கையில் எடுத்தார். எதிரே நின்ற மாணவிக்கு அந்தத் துறையில் குருவி என்றுதான் பெயர். ஆளும் அவ்வளவுதான் இருப்பாள், வாயும் ஓயாது. இன்று தரையைப் பார்த்தபடி நின்றாள்.

கடிதம் கடல் கடந்து வந்திருந்தது. நான்கு ஆசிரியர்களும் ஒரே ஓர் ஆய்வுக்கூடமுமாக ஒண்டிக் கிடந்த அந்தச் சின்னப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறைக்கு, வெளிநாட்டுப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றோடு ஒப்பந்தம் இருந்தது. ஆண்டுக்கு ஒரு மாணவர் அங்கே போய் மூன்று மாதம் தங்கி ஆராய்ச்சி செய்துவிட்டு வரலாம். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படி முதன்முதலில் போனவர் இந்தப் பேராசிரியைதான். குளிர்காலத்தில் அங்கே ஒரு குளத்துக்கு வந்து இறங்கும் காட்டு வாத்துகளைப் பற்றி, இருபத்தொரு நாள் விடியற்காலைக் கணக்கோடு கட்டுரை எழுதினார். சராசரியாக நாளொன்றுக்கு நூற்றிருபது வாத்துகள். அந்தக் கட்டுரைதான் அவரை இந்த நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்தது.

இந்த ஆண்டு அதே குளத்துக்குக் குருவி போனாள். அவளுக்கும் இருபத்தொரு காலைகள். சராசரி நூற்றுப் பதினெட்டு. இத்தனை ஆண்டில் அந்தக் குளம் மாறவே இல்லை என்று அவள் எழுதிய கட்டுரைக்கு, மாணவர் ஆய்வு நாளில் முதல் பரிசு கிடைத்தது.

இப்போது அங்கிருந்து எழுதியிருந்தார்கள். அதே நாட்களில் குளக்கரையில் தங்கள் கேமராவும் இருந்ததாம். ஒரு நாள்கூட ஐம்பது வாத்துக்கு மேல் வரவில்லையாம். நாள்வாரியாகக் கணக்கும் வைத்து அனுப்பி, மாணவியிடம் விசாரித்து எழுதும்படி கேட்டிருந்தார்கள்.

துறைத் தலைவர் காலையிலேயே வந்து குதித்துவிட்டுப் போயிருந்தார். ஒப்பந்தமே கையை விட்டுப் போகப்போகிறது, அடுத்து போகவேண்டிய பிள்ளை பாஸ்போர்ட்டோடு காத்திருக்கிறது, இவளைப் பரீட்சை எழுதவே விடக் கூடாது என்றார். விசாரித்து மாலைக்குள் பதில் போடும் வேலையைப் பேராசிரியை தலையில் கட்டிவிட்டார்.

“சொல்லும்மா.”

“மாத்தி எழுதினேன் மேடம்.”

இல்லை என்று சாதிப்பாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

“குளத்துக்குப் போகவே இல்லையா?”

அதைக் கேட்டதும்தான் குருவி நிமிர்ந்தாள். ஒரு நாள்கூட விடாமல் போனதாகச் சொன்னாள். விடுதியிலிருந்து முக்கால் மணி நேர நடை. பாதையெல்லாம் பனி. ஒரு நாள் சறுக்கி விழுந்து முழங்கை வீங்கிவிட்டது. விரல் விறைத்துப்போய்ப் பென்சில் பிடிக்க வராது. வாயால் ஊதி ஊதி எழுதினாளாம். பேராசிரியை ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, முப்பத்தைந்து. கேமரா கணக்குக்கும் அதற்கும் ஒன்றிரண்டுதான் வித்தியாசம்.

“சரியாத்தானே எண்ணியிருக்க. அப்புறம் ஏன் மாத்தினே?”

“உங்க கட்டுரையில நூத்தி இருபது இருந்துதே மேடம். குறைஞ்சுபோச்சுன்னு எழுதிடலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். அந்தக் குளத்துக் காவலர்கிட்ட கேட்டேன். முப்பது வருஷமா அங்கேயே இருக்கார். இங்க எப்பவுமே இவ்வளவுதான், ஐம்பதைத் தாண்டினதே இல்லைன்னுட்டார்.”

பேராசிரியை நோட்டை மூடினார்.

“அவர் சொன்னதை எழுதினா உங்க கட்டுரை பொய்யின்னு ஆயிடும். நீங்க தப்பா எண்ணியிருக்க மாட்டீங்க. அவர் வயசானவர், மறந்திருப்பார், எனக்கும் எண்ணத் தெரியலைன்னு நெனச்சுக்கிட்டேன். உங்க எண்ணைப் பார்த்துப் பார்த்து கூட்டிப் போட்டுட்டேன்.” அவள் அழ ஆரம்பித்தாள். “இப்ப என்னால உங்க பேரும் கெட்டுப்போச்சு மேடம்.”

பேராசிரியை அவளை முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போகச் சொன்னார். அடுத்த அறையில் துறைத் தலைவர் யாரிடமோ போனில் குருவியைத் திட்டிக்கொண்டிருந்தது சுவரைத் தாண்டிக் கேட்டது.

பேராசிரியை பதில் எழுதத் தொடங்கினார். விசாரித்தேன் என்று ஆரம்பித்தார். மாணவி எண்களை மாற்றியது தவறு. ஆனால் இருபத்தொரு காலையும் அவள் குளத்துக்குப் போயிருக்கிறாள். அவளுடைய நோட்டு உங்கள் கேமராவோடு ஒத்துப்போகிறது. என்னுடைய கட்டுரையைக் காப்பாற்றத்தான் அவள் அப்படிச் செய்தாள். அதுவரை கை தடையில்லாமல் ஓடியது. அடுத்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டது. பிறகு ஒரே மூச்சில் எழுதி முடித்தார்.

‘நான் அந்தக் குளத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. குளிருக்குப் பயந்து, இருபத்தொரு காலையும் விடுதி அறையில் கம்பளிக்குள் படுத்துக்கொண்டேதான் வாத்து எண்ணினேன்.’