சத்தமில்லாத வண்டி

“ஃபோர் ஸ்ட்ரோக்கா? அந்த எருமையையா வாங்கப் போற? உன் புத்தி புல் மேயப் போயிடுச்சா, வில்ஃப்?”

ஈனிட் பன்றிக்கறியைத் திருப்பிப் போட்ட வேகத்தில் வாணலிக் கொழுப்பு அடுப்பெல்லாம் தெறித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசிக்கக் கிளம்ப வேண்டிய நேரம். புருஷன் அப்போதுதானா பைக் பேச்சை எடுக்க வேண்டும்!

வில்ஃப் ஆல்டர்சனுக்கு வயது அறுபத்தாறு. ஓடைக்குள் பாறைமேல் பாறையாகக் காலே ஊன்றாமல் பைக் ஓட்டும் ட்ரயல்ஸ் போட்டிதான் அந்த யார்க்‌ஷர் பள்ளத்தாக்கின் பித்து. கால் கீழே பட்டால் ஒரு புள்ளி அபராதம். பேரன் பேத்திகளின் பிறந்தநாள் வில்ஃபுக்கு நினைவிருக்காது. எந்தப் பாறையில் எந்த வருஷம் கால் வைத்தார் என்று கேட்டால் மட்டும் மடமடவென்று சொல்வார்.

“அந்த வண்டி கனம். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரில கிடந்தவன் கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே, காதுல விழலையா?”

“ரொம்பக் கனமெல்லாம் இல்ல. உன் பூனையைத் தூக்கறேனே, அதைவிடவா?”

“பழைய வண்டிக்கு என்ன கேடு இப்போ? நல்லாத்தானே ஓடுது!”

வில்ஃப் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த டூ ஸ்ட்ரோக்கைக் கரித்துக் கொட்டியவர் ஈனிட். காயப்போட்ட துணியெல்லாம் புகை வாடை, படபடவென்று மண்டையே பிளக்கிறது என்று திட்டாத நாள் இல்லை. இன்றைக்கு என்னவென்றால் பெற்ற பிள்ளைக்குப் பரிந்து பேசுவது போலப் பேசுகிறார்!

“அதோட சத்தம்தான் கேடு. எதிர்க்கரையில ஒரு மகராசி குடியிருக்காளே, மறந்துட்டியா?”

எதிர்க்கரை மகராசி என்றால் மிஸ் பைவாட்டர். லீட்ஸிலிருந்து வந்து ஓடைக்கு அந்தப் பக்கம் வீடு வாங்கியவர். இந்த வசந்தத்திலிருந்து, ஈனிட் வீட்டில் இல்லாத நேரத்தில் வில்ஃப் வண்டியைக் கிளப்பினால் போதும், அவர் வீட்டு ஜன்னல் திறக்கும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவ்வப்போது கடிகாரத்தைப் பார்ப்பார். நடுநடுவே இங்கே வந்து ஈனிட்டிடம் குசுகுசுவென்று பேசுவார். வில்ஃப் தலை தெரிந்தால் இருவரும் வாயை மூடிக்கொள்வார்கள். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? சத்தத்தைப் பற்றி ஒரே ஒரு புகார் வந்தாலும் ஓடைக்குப் போகும் கேட்டைப் பூட்டிவிடுவதாக நிலத்துக்காரர் சொல்லியிருந்தார். கேட்டைப் பூட்டினால் வில்ஃபுக்கு வாழ்க்கையே பூட்டிய மாதிரிதான்.

“அவங்க புகார் சொல்ற ரகம் இல்ல” என்றார் ஈனிட், வாணலியைப் பார்த்தபடியே.

“அப்போ எதுக்குக் கடிகாரத்தைப் பாக்கறா? ரயிலுக்கு நேரமாச்சா?”

ஈனிட் தட்டை அவர் முன்னால் டொக்கென்று வைத்தார்.

“நான் வர்ற வரைக்கும் ஓடைப் பக்கம் போகாதே. வந்ததும் பேசிக்கலாம்.”

தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பியவர், வாசல் கேட்டருகே நின்று யாருக்கோ போன் செய்தார். வில்ஃப் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஈனிட் எப்போது கண்ணை விட்டு மறைவார் என்பதுதான் அவர் கவலை.

மறைந்த சற்று நேரத்தில் பழைய ட்ரயல்ஸ் கூட்டாளி டகி ஐவ்சனின் வேன் வந்து நின்றது. எல்லாம் ஏற்கெனவே பேசி வைத்ததுதான்.

“முட்டி மட்டும் ஒழுங்கா இருந்தா இந்தத் தங்கத்தை நான் விப்பேனாடா?” என்றபடி, டகி ஃபோர் ஸ்ட்ரோக்கை, எதிர்க்கரை ஜன்னலுக்குத் தெரியாதபடி, ஓடைக்கரைப் பெரிய பாறையின் பின்னால் இறக்கி வைத்தான்.

“இரு, முதல்ல என் கிழவியில ஒரு ரவுண்டு. அப்பதான் வித்தியாசம் தெரியும்.”

வில்ஃப் பழைய வண்டியை உதைத்தார். பட்டாசுக் கட்டைக் கொளுத்திப் போட்டது போல வெடித்தது. நீலப் புகை எழுந்தது, ஆடுகள் சிதறி ஓடின. எதிர்க்கரையில் ஜன்னல் திறந்தது.

“பாத்தியா? வந்துட்டா காவக்காரி! இன்னிக்கோட உன் வேலை போச்சு, மகளே!”

ஓடையில் ஏறி இறங்கி, பெரிய பாறையின் பின்னால் வந்து எஞ்சினை நிறுத்தினார். பள்ளத்தாக்கே வாயடைத்துப் போனது போல இருந்தது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஏறி, ஆற அமர பிடிகளைச் சரிசெய்து, உதைத்தார். தண்ணீர் ஓடும் சத்தத்தில் எஞ்சின் சத்தம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பிடித்து இழுப்பது போல அந்த மறைவிலேயே பாறைமேல் ஏறியது, பூப்போல இறங்கியது.

“டகி! ஓடுதா நிக்குதான்னே தெரியலடா!”

“கால் படல! சுத்தமா படல!” டகி கை தட்டினான். “வாங்கிக்கறியா?”

“வாங்கியாச்சு!”

“ஈனிட் என்ன சொல்வா?”

“நான் பாத்துக்கறேன் போ.”

அப்போதுதான் அந்த அலறல் கேட்டது.

மிஸ் பைவாட்டர் ஓடைக்குள்ளேயே ஓடி வந்துகொண்டிருந்தார். தலையில் முடி சுருட்டும் குழல்கள், ஒற்றைக் காலில் மட்டும் செருப்பு, முழங்கால் வரை நனைந்த வீட்டு அங்கி. முகம் வெளுத்துப் போயிருந்தது. பாலத்தடிச் சிவப்பு டெலிபோன் கூண்டில் தொங்கும் பச்சைப் பெட்டியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். நின்றுபோன இதயத்துக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டி. ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

யாருக்கு என்ன ஆயிற்று? வில்ஃப் பதறிப்போய் டகியைப் பார்த்தார். டகி கல்லுமாதிரி நின்றான். வில்ஃபின் இரண்டு காலும் தானாகத் தண்ணீருக்குள் இறங்கின. அந்த அபராதப் புள்ளிகளை எண்ண டகிக்குத் தோன்றவில்லை.

பாறையைச் சுற்றி வந்த மிஸ் பைவாட்டர், வண்டிமேல் உட்கார்ந்திருந்தவரைக் கண்டதும் அப்படியே ஓடைத் தண்ணீரில் பொத்தென்று உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

“உயிரோடதான் இருக்கீங்களா, மிஸ்டர் ஆல்டர்சன்! ஈனிட் வீட்டுல இல்லாதப்போ உங்க வண்டிச் சத்தத்துக்குக் காது குடுக்கறது என் பொறுப்பு... ரெண்டு நிமிஷத்துக்கு மேல சத்தம் கேக்கலைன்னா இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு ஓடுன்னு, நீங்க ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கே என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா!”